ஆப் ஓடலைன்னா வயசுதான் காரணமா?

ஊராட்சியில் ஒரு செயலி சரியாக ஓடவில்லை என்றால், ‘வயசானவங்களுக்கு போன் வராது, இளசுகளுக்குத் தானா வரும்’ என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 1 முதல் என்.எம்.எம்.எஸ். செயலியில் வருகைப்பதிவு கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் தினமும் இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றாவிட்டால் சிக்கலானது தொழிலாளியின் அன்றைய கூலி.

பொறுப்பாளர் 25 வயதுப் பெண்ணாகவே இருக்கட்டும். கையில் நல்ல போன் இல்லை, ஏரிக்கரையில் சிக்னல் இல்லை என்றால் என்ன செய்வார்? 55 வயதுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்.

ஆளுக்கேற்ற பயிற்சி, அரசுச் செலவில் போன், டேட்டா. முதல்ல இதைக் கொடுங்க. அப்புறம் வயசைப் பேசலாம்.