ஏஜென்ட் இல்லாமல் முடியாதா?

பம்மல், அனகாபுத்தூர் பக்கம் பி.எட். முடித்தவர் இருக்கும் வீட்டில் வெளிநாட்டுப் பேச்சு எழுந்தால், கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது: "ஏஜென்ட் இல்லாம இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைக்காது." இங்கே தனியார் பள்ளிகள் தரும் சம்பளத்தைப் பார்த்தால் ஆசையில் தப்பில்லை. தீர்ப்புதான் தப்பு.

வாசலைத் திறப்பது அந்தந்த நாட்டு விதி. தென்கொரியாவில் இங்கிலீஷ் கற்பிப்பதற்கான இ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். அதில் இந்தியா இல்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் சான்றிதழ் உள்ள இந்தியர்களுக்குப் பள்ளிகளில் துணை ஆசிரியராக ஒரு சின்ன வழி விட்டது. அவ்வளவுதான். தாய்லாந்துப் பள்ளிகள் நம்மவர்களிடம் பட்டத்தோடு டோயிக், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வு மதிப்பெண்ணும் கேட்கும். ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கட்டினாலும் நாடும் மாறாது, மதிப்பெண்ணும் ஏறாது.

"காசு வாங்கினவன் பொறுப்பா இருப்பான்" என்பது அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2007 முதல் பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 350 ஆசிரியர்கள் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஆளுக்குச் சுமார் 16,000 டாலர் கட்டணம். பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். வேலை பொய்யில்லை, விசாவும் பொய்யில்லை. அந்தக் கடனே அவர்களை அசையவிடாமல் கட்டிப்போட்டது. அவர்கள் வழக்குப் போட்டார்கள்; 2012 டிசம்பரில் கலிபோர்னியா நடுவர் குழு 45 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. முன்பணம் கட்டியவர் கேள்வி கேட்கத் தயங்குவார். வாங்கியவருக்கு அந்தத் தயக்கமே லாபம்.

அனகாபுத்தூருக்கு, இடையில் ஓர் ஆள் இருப்பது புதிதல்ல. நைஜீரியாவுக்குப் போன 'ரியல் மெட்ராஸ்' துணியை நெய்த ஊர் இது. நெசவாளிக்கும் கடல் தாண்டி உடுத்தியவருக்கும் நடுவே ஏற்றுமதி வியாபாரிகள் இருந்தார்கள். கூலியில் குறை சொல்லலாம். ஆனால் நெய்தவர் கையில்தான் காசு வந்தது. தறியில் உட்காரவே முதலில் பணம் கட்டு என்று எந்த வியாபாரியாவது கேட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும்.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர், வேலைக்குப் போகும் ஒருவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். மீறினால் இரண்டாண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தைப் பார்த்தாலே சட்டம் எவ்வளவு பழசு என்று தெரிகிறது.

"சர்டிபிகேட் வேலை எல்லாம் அவரே பாத்துக்குவாரு" என்கிறார்கள். சான்றிதழை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரைக்கு வெளியுறவு அமைச்சகம் வாங்குவது 50 ரூபாய்; காகிதத்தை வாங்கி அனுப்பும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் போவது நம் அலைச்சலுக்கு நாமே கொடுக்கும் விலை. அதில் தப்பில்லை, விலை தெரிந்து கொடுத்தால் சரி.

எல்லாவற்றிலும் மோசமானது, "டூரிஸ்ட் விசால போயிட்டு அங்கே மாத்திக்கலாம்" என்பது. 2022-இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் தெரிந்தவர்களைத்தான் அந்தக் கும்பல்கள் தேடின.

முகவர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளியிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் உலகம் முழுக்க உண்டு, அவர்களோடு பேசலாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஒருவரின் பதிவு எண் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடக்கிறது. அலுவலகம் கிண்டியில், பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏறினால் போதும்.