சந்தேகம் வேண்டும், சலிப்பு வேண்டாம்

வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் நமது தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். நம்மிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். அங்கத்துவப் படிவத்தோடு போனால் சிரிக்கிறார்கள். "விடுங்க சேர், எவன் வந்தாலும் நம்ம லயம் லயம்தான். சந்தா மட்டும் தப்பாம புடிப்பீங்க."

இந்தச் சிரிப்பு சும்மா பிறந்ததல்ல. 1948 இல் நமது பிரஜாவுரிமை பறிபோனது. 1964 இல் நம்மைக் கேளாமலே இரு அரசுகள் நம்மைப் பங்கிட்டன. பிறகு 1,000 ரூபா நாட்சம்பளம் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். 2019 ஜனவரியில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாதான். ஒப்பமிட்டவர்களில் தொழிற்சங்கங்களும் உண்டு. ஆகவே பிள்ளைகளைக் குற்றஞ்சொல்ல நமக்கு வாயில்லை.

எதையும் நம்பாதவரை ஆங்கிலத்தில் 'சினிக்' என்பார்கள். நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது அது. அந்த வழியில் பேர்போனவர், 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டயோஜெனிஸ். பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடினார் என்றும், என்ன வேண்டும் என்று கேட்ட பேரரசன் அலெக்சாண்டரிடம் "வெயிலை மறைக்காமல் விலகி நில்" என்றார் என்றும் கதை உண்டு. அவரும் பெரியவர்களை நம்பவில்லை. ஆனால் ஒதுங்கிப் போகவில்லை; முகத்துக்கு நேரே சொன்னார். நாமோ முதுகுக்குப் பின்னால் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறோம். கம்பனிக்கும் கடை முதலாளிக்கும் அதைவிட வசதி வேறென்ன?

2018 ஒக்டோபர் 24 ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் திரண்டார்கள். தலைவர்களை நம்பி வந்த கூட்டமல்ல அது. அப்பா அம்மாவுக்கு 1,000 ரூபா கேட்டு வந்த கூட்டம். அடுத்த ஒப்பந்தம் அவர்களை ஏமாற்றியது உண்மை. ஆனாலும் கோரிக்கை சாகவில்லை. 2021 மார்ச்சில் 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது.

எனவே தம்பி, தங்கைமாரே, எங்களை நம்புங்கள் என்று கேட்கமாட்டோம். கேள்வியோடு வாருங்கள். முதலாளி உங்கள் பெயரில் ஈ.பீ.எப். 12 வீதமும் ஈ.ரீ.எப். 3 வீதமும் கட்டுகிறாரா என்று கேளுங்கள். வீட்டார் செக்ரோலில் கழியும் சந்தா எங்கே போகிறது என்று எங்களைக் கேளுங்கள். கணக்குக் காட்டாத சங்கத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். சிரிப்பதற்கு அது முடிந்த பிறகும் நேரமிருக்கிறது.