ரேகையை அழிக்கும் மாத்திரை, ரேகையைக் கேட்கும் அரசு

அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும், 2025-26லேயே 200 மையங்கள் திறக்கப்படும் என்று 2025 பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட் அறிவித்தது. பித்தநாளப் புற்றுக்கு அறுவை முடித்தவர்களின் அட்ஜுவன்ட் கேப்சைட்டபின் பொறுப்பை இந்த மையங்களிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கு இனி நாம் மழுப்ப முடியாது. ஒப்படைக்கலாம், ஒப்படைக்கவும் வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

ஒப்படைக்க வேண்டும் என்பதற்கான காரணம் நம் ஆற்றங்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. பாபநாசம், அம்பை, சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து நோயாளிகள் அறுவைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கோ போகிறார்கள். ஹெபடெக்டமியும் ஹெபாட்டிகோஜெஜுனாஸ்டமியும் அங்கேதான் நடக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களைப் பார்த்து, கையைப் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுப்பதற்காகவும் அதே தூரம் போகச் சொல்வது என்ன நியாயம்? நோயாளிக்கு ஒரு நாள் போகிறது, துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி போகிறது. எட்டு சுழற்சியும் முடியாமல் நின்றுபோவதில் பாதி, இந்தப் பேருந்துப் பயணத்தால்தான் என்பது நம்மில் பலரின் அனுபவம்.

மருந்து தருவதா வேண்டாமா என்பதில் சுருக்கமாக: பில்கேப் ஆய்வை ‘நெகட்டிவ் டிரையல்’ என்று ஒதுக்குவோர் இன்னும் இருக்கிறார்கள். 447 நோயாளிகள், மீடியன் ஆயுள் கேப்சைட்டபின் எடுத்தவர்களுக்கு 51.1 மாதம், எடுக்காதவர்களுக்கு 36.4, பி மதிப்பு 0.097. எல்லோரையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் கோட்டைத் தொடவில்லை, உண்மைதான். நிணநீர்க்கணு, கிரேடு, பாலினம் ஆகியவற்றுக்குச் சரிசெய்து பார்த்தபோது ஹசார்ட் விகிதம் 0.71. அதற்குப் பிறகு 2023இல் லான்செட்டில் வந்த ஜப்பானின் அஸ்காட் ஆய்வில், எஸ்-1 எடுத்தவர்களில் 77.1 சதவீதத்தினர் மூன்றாண்டு கடந்தார்கள். அறுவையோடு நின்றவர்களில் 67.6 சதவீதத்தினர். ஒரே குடும்பத்து வாய்வழி மருந்துகள் இரண்டு, ஒரே திசையைக் காட்டுகின்றன. ஜெம்சிடபினைத் தனியாகப் பார்த்த பிகேட்டும், ஜெமாக்ஸைப் பார்த்த பிரோடீஜ் 12-ம் பலன் காட்டவில்லை. ஆகவே ஆர்1 என்று ரிப்போர்ட் வந்ததும் பதறி, கையில் கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஆதாரம் கிடையாது. ஹைலார், டிஸ்டல் வகைகளில் விளிம்பில் நோய் இருந்தால் கதிர்வீச்சைச் சேர்ப்பது பற்றி டியூமர் போர்டில் பேசலாம். ஆர்0, கணு சுத்தம், எழுபதைத் தாண்டிய வயது, எடை இன்னும் ஏறவில்லை என்றால், வேண்டாம் என்பதும் முறையான முடிவுதான். ஆனால் அதை ஏன் எடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

இதுவே முதல் நிபந்தனை. எந்த இடத்துக் கட்டி, விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கணு எடுத்ததில் எத்தனை பாசிடிவ், போர்டு என்ன முடிவு செய்தது ஆகிய நான்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாமல் ஒருவரை மாவட்ட மையத்துக்கு அனுப்பக் கூடாது. ‘ஹெச்.பி.இ. ரிப்போர்ட் பின்னர் வரும்’ என்று எழுதிய தாளோடு வருபவருக்கு அங்குள்ள இளம் மருத்துவர் எந்த அடிப்படையில் மருந்து எழுதுவார்?

இரண்டாவது, முதல் சுழற்சியில் நோயாளிக்கு ஒரு போன் அழைப்பு. ஃபுளூரோபிரிமிடின் தொடங்கும் முன் டி.பி.டி. குறைபாட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பரிசோதனை நம் மாவட்ட மையத்துக்கு வரும்வரை, மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் வாக்கில் ஒரு செவிலியர் கூப்பிட்டு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் மூன்றையும் விசாரித்தாக வேண்டும். செலவில்லாத காரியம் இது. செய்யாமல் விட்டால் உயிர் போகும்.

மூன்றாவது நிபந்தனை, கை.

பில்கேப்பில் கேப்சைட்டபின் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மூன்றாம் நிலை ஹேண்ட்-ஃபுட் சிண்ட்ரோம் வந்தது. எட்டு சுழற்சியையும் முடித்தவர்கள் 55 சதவீதம் மட்டுமே. மேல்நாட்டு மையங்களில், நெருங்கிய கண்காணிப்பில் வந்த கணக்கு இது. இப்போது அதே மாத்திரையை முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்கும், பத்தமடையில் கோரை நெய்யும் பெண்ணுக்கும் கொடுக்கிறோம். சி.டி.சி.ஏ.இ. அட்டவணையின் இரண்டாம் நிலை எதைக் கேட்கிறது? சமையல், கடைக்குப் போவது, தொலைபேசி, பணக் கணக்கு ஆகியவற்றில் தடங்கல் உண்டா என்று கேட்கிறது. விரல் நுனியை வைத்துப் பிழைப்பவரின் வேலை அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுவது அத்தனையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்கிற வேலை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. தோல் வழவழத்துப் போனால் நூல் பிடிபடாது. வலி இல்லாததால் நம் கேஸ் ஷீட்டில் அது ‘முதல் நிலை’. அவர் வீட்டிலோ வருமானம் நின்றுவிட்டது.

முக்கூடல் பக்கத்து அம்மா ஒருவர் ஓ.பி.யில் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, கொஞ்சம் சிவப்பு. விரல் நுனிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரிகளே தெரியவில்லை. “வலியப் பொறுத்துக்கிடுவேன் சார். சுளவுல கைய வச்சா நூலு இருக்கதே தெரிய மாட்டேங்கு. ரேசன் கடையில மிசினு வெரல எடுக்க மாட்டேங்கு. நாலு மட்டம் போய்ட்டு வந்துட்டேன்” என்றார். ஏம்மா முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நோய்க்கு மருந்து தார டாக்டர்ட்ட ரேசன் கடைய எப்படி சார் சொல்லுதது?” என்றார். கணவர் இல்லை, பிள்ளைகள் தனி அட்டை. அவர் அட்டையில் அவர் ஒருவர்தான்.

இது அபூர்வமான விஷயமென்று யாரும் நினைக்க வேண்டாம். கேப்சைட்டபின் எடுத்துவந்த சிங்கப்பூர் நோயாளி ஒருவரை, விரல் ரேகை இல்லை என்று அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்த கதை 2009இல் ஆனல்ஸ் ஆஃப் ஆன்காலஜியில் வந்தது. 2017இல் ஜாமா ஆன்காலஜியில் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இந்த மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ரேகையின் தரம் கடுமையாகக் குறைந்திருந்தது. அதற்கும் ஹேண்ட்-ஃபுட்டின் தீவிரத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இடம். கை நன்றாக இருக்கிறது என்று நாம் எழுதும் நோயாளியின் ரேகை போயிருக்கலாம். மருந்தை நிறுத்திய சில வாரங்களில் ரேகை திரும்பியது. ஐரோப்பாவில் இந்த மருந்தின் அதிகாரபூர்வத் தகவல் தாளிலேயே, ரேகை இழப்பால் நோயாளியின் அடையாளம் காண்பது பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கை உண்டு.

ஐரோப்பாவில் அது விமான நிலையத்துக்கான எச்சரிக்கை. இங்கே அரிசி, மண்ணெண்ணெய், ஓய்வூதியம், காப்பீட்டு அறை எல்லாவற்றுக்கும் விரல் வேண்டும். குடும்பத்தில் வேறொருவர் விரல் வைத்தால் அரிசி கிடைத்துவிடும் என்று பதில் வருகிறது. ஒற்றை ஆள் அட்டைக்காரர் என்ன செய்வார்? அதோடு, அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் நேரில் வந்து ரேகை வைத்து இ-கே.ஒய்.சி. முடிக்க வேண்டும் என்று கெடு வைத்து, கெடுவை நீட்டி, மறுபடி கெடு வைத்தார்கள். கீமோதெரபியில் இருப்பவர் என்ற ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் எவருக்கும் தோன்றவில்லை. ரேகை விழாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, மாற்று வழியில் பொருளைக் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்றே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சுற்றறிக்கை டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. கடைக்காரர் கையில் இருப்பது மிஷின். அது பச்சை விளக்கு காட்டாமல் அரிசி போட்டால் கணக்கு யார் தலையில் விடியும் என்று அவருக்குத் தெரியும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாநில அரசும் தன் பங்குக்கு 2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கும்போது 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி ரேஷன். நல்ல திட்டம். 52 வயதில் பாதி ஈரலை இழந்து, விரல் ரேகையையும் இழந்து நிற்கும் பெண் அந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் டுர்வாலுமாபுக்குச் சுங்க வரி விலக்கு கொடுத்தார்கள், வரவேற்றோம். லட்சங்களில் விலை போகும் ஊசிக்கு வரியைக் குறைக்கத் தெரிந்த அரசுக்கு, ஆறு மாதம் ரேகை கேட்காதே என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? செலவு எதுவும் இல்லை, சிகிச்சை மருத்துவரின் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும். பீடித் தொழிலாளர்களின் ரேகை மருந்து இல்லாமலே தேய்ந்து போவதை இந்த மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலக மனுநாளில் உட்கார்ந்த எவரும் அறிவார்கள். அப்படியும் ஒவ்வொரு புதிய திட்டமும் அதே விரலைத்தான் கேட்கிறது. மருத்துவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்பதில்லை. திறப்பு விழாவுக்கு மட்டும் அழைப்பிதழ் வருகிறது.

நம் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். டெல்லி எய்ம்ஸ் நடத்திய டி-டார்ச் ஆய்வில், ஒரு சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லைக் கைகளில் தடவியவர்களில் இரண்டாம், மூன்றாம் நிலை ஹேண்ட்-ஃபுட் 3.8 சதவீதம், வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். மெடிக்கல் கடையில் மூட்டுவலிக்கு விற்கும் அதே ஜெல்தான். முதல் நாள் முதலே எழுதிக் கொடுங்கள். விரல் நுனியில் பிழைப்பவருக்கு எஸ்-1 பற்றியும் யோசியுங்கள். பெருங்குடல் புற்றில் இரண்டையும் ஒப்பிட்ட நெதர்லாந்தின் சால்ட்டோ ஆய்வில், ஹேண்ட்-ஃபுட் கேப்சைட்டபினுக்கு 73 சதவீதம், எஸ்-1-க்கு 45. அஸ்காட் இருக்கும்போது பித்தநாளத்தில் எஸ்-1 தருவதற்குத் தயங்கக் காரணம் இல்லை. கூலி வேலைக்காரருக்கு டோஸைக் குறைப்பதையும் இடைவெளி விடுவதையும் தோல்வியாக எண்ண வேண்டாம். பில்கேப்பிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு டோஸ் குறைக்கப்பட்டது.

நோய் மறுபடி தலைகாட்டும் கட்டத்தில் மாவட்ட மையத்தின் வேலை இன்னும் கூர்மையாகிறது. குளிர் காய்ச்சலோடும் மஞ்சளோடும் வருபவரிடம் ‘ரிகரன்ஸ்’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த இடம் சுருங்கினாலும் அதே படம்தான். மஞ்சள் இருக்கும்போது எடுத்த சி.ஏ. 19-9 எதையும் நிரூபிக்காது. முதலில் பித்தம் வடியட்டும், தொற்று அடங்கட்டும், முடிந்தால் திசு எடுங்கள். உறுதியானால் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின், வசதி இருந்தால் டுர்வாலுமாப். டோபாஸ்-1இல் இரண்டு ஆண்டு கடந்தவர்கள் 24.9 சதவீதம், டுர்வாலுமாப் இல்லாதவர்களில் 10.4. இந்த எண்ணை நோயாளியிடம் சொல்லும்போது மீடியன் ஆயுள் வித்தியாசம் 12.8 மாதத்துக்கும் 11.5 மாதத்துக்கும் இடையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஆய்வு, அறுவையோ அட்ஜுவன்டோ முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பியவர்களையே சேர்த்துக்கொண்டது. மாத்திரை எடுக்கும்போதே நோய் திரும்பியவருக்கு அதே பலனை வாக்களிக்க முடியாது. ஈரலுக்குள் தோன்றிய வகையானால் பழைய பிளாக்கைத் தேடி எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.ஹெச்.1 பாருங்கள். பிளாக் எங்கே இருக்கிறது என்பதும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட வேண்டிய ஐந்தாவது வரி.

அந்தச் சமயத்தில்தான் காப்பீட்டு அறையில் விரல் கேட்பார்கள். முதல் வரிசை மருந்தும் கைவிட்டால் மறுபடி ஃபுளூரோபிரிமிடினுக்கே வருவோம். திரும்பி வந்த ரேகை மறுபடி போகும். ஒரே நோயாளியின் வாழ்வில் இரண்டாம் முறையாக இந்தக் கூத்து நடக்கக் கூடாது.

ஆகவே, அடுத்த இதழ் முதல் கேப்சைட்டபின் தொடர்பான எந்த நோயாளி அறிக்கையும் மூன்று விவரங்கள் இல்லாமல் இங்கே அச்சாகாது: நோயாளி என்ன வேலை செய்கிறார், அந்த வேலை எந்தச் சுழற்சியில் நின்றது, ரேகைப் பதிவு எங்காவது மறுக்கப்பட்டதா. ரேகை இழப்பைப் பக்கவிளைவாகவே மருந்துக் கண்காணிப்புப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். குவியும் படிவங்களைத் தவிர அதிகாரிகளை அசைக்க நமக்கு வேறு ஆயுதம் இல்லை. முதல் சீட்டு எழுதும் அன்றே, ‘இவர் விரல் ரேகையை அழிக்கக்கூடிய சிகிச்சையில் இருக்கிறார், மாற்று வழியில் அடையாளம் காணவும்’ என்று தமிழில் ஒரு சான்றும் எழுதி, தேதியும் முத்திரையும் இட்டு நோயாளி கையில் கொடுங்கள். கடைக்காரர் ஏற்காவிட்டால் வட்ட வழங்கல் அலுவலருக்கு அதன் நகல் போகட்டும், அங்கேயும் நின்றால் ஆட்சியருக்குப் போகட்டும். மையங்கள் திறக்கட்டும், மாத்திரையை நாம் கொடுப்போம். அதை விழுங்குகிறவருக்கு அரிசி கிடைக்கச் செய்வது அரசின் வேலை. அது நடக்கும்வரை இந்தப் பக்கத்தில் அதையே எழுதிக்கொண்டிருப்போம்.