பாட்டியின் கதையைப் பூட்டியது யார்?



என் பாட்டி சொன்ன கதைகளை 2001-இல் கணினியில் தட்டச்சு செய்து, ஒரு குறுந்தகட்டில் பதிந்து வைத்திருந்தேன். பாட்டி இப்போது இல்லை. போன மாதம் அந்தக் குறுந்தகட்டை எடுத்துப் போட்டால், திரை முழுக்க ஆங்கில எழுத்துகள்! நடுநடுவே அரைப்புள்ளிகள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வைரஸ்தான் கதைகளைத் தின்றுவிட்டதோ என்று பயந்தே போனேன்.

ஆனால், கோப்பு கெட்டுப் போகவே இல்லை. என்ன நடந்தது தெரியுமா?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கில எழுத்து 'ஜே'யின் சிறிய வடிவத்துக்கு அது வைத்திருக்கும் எண் 106. அந்த எண்ணுக்கு எந்தப் படத்தைத் திரையில் வரைவது என்று சொல்வதுதான் எழுத்துரு, அதாவது ஃபான்ட். அந்த நாளில் தமிழை எழுத ஒரு தந்திரம் செய்தார்கள். 106 வந்தால் 'ஜே'க்குப் பதிலாக 'த' என்று வரையும்படி எழுத்துருவைச் செய்துவிட்டார்கள். நான் பயன்படுத்திய 'பாமினி' அப்படிப்பட்டதுதான். அதில் 'தமிழ்' என்று எழுத ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் 'ழ்' தலையில் உள்ள புள்ளி! பாமினி இல்லாத கணினி என்ன செய்யும், பாவம்? 106-ஐப் பார்த்ததும் 'ஜே' என்றே காட்டும்.

இதில் இன்னொரு கூத்து. பாமினிக்கு ஒரு கணக்கு, திஸ்கிக்கு ஒரு கணக்கு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் இரண்டுக்கும் வேறு கணக்கு. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் குழப்பம்தான். ஒருங்குறி வந்த பிறகே 'த' எழுத்துக்கு 2980 என்று உலகம் முழுவதும் ஒரே எண் கிடைத்தது. அதைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றது.

எழுத்துருக் கோப்புகளும் பழசாகும். 'டைப் 1' என்ற பழைய வகையை உருவாக்கிய அடோபி நிறுவனமே, 2023 ஜனவரியில் தன் மென்பொருள்களில் அதைக் கைவிட்டது. ஆனாலும் 'ஃபான்ட்ஃபோர்ஜ்' என்ற இலவச மென்பொருள் அவற்றைத் திறந்து, புதிய வகையாக மாற்றித் தரும்.

நான் முதலில் கதைக் கோப்புகளுக்கு நகல் எடுத்தேன். பாமினியைக் கணினியில் நிறுவியதும், கதைகள் தமிழில் எழுந்து நின்றன! பிறகு எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றினேன். அது, நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஓர் ஊர்ப் பெயரையும் தமிழாக நினைத்து உளறி வைத்தது. அதனால் வரிக்கு வரி கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலும் பழைய குறுந்தகடு, பழைய கணினி இருக்கலாம். அப்பா அதைத் தூக்கிப் போடுவதற்குள், அதிலுள்ள 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறையை நகலெடுத்து வையுங்கள்.

பதினோரு கதைகள் மீண்டுவிட்டன. பன்னிரண்டாவதை வேறொரு கணினி மையத்தில் அடித்தேன். என்ன எழுத்துரு என்று குறித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்