ஒரே பெயர், பல சுவை

மலேசியாவில் லக்சாவைச் சுவைக்காதவர் மிகக் குறைவு. ஆனால், ‘எது உண்மையான லக்சா?’ என்று கேட்டால் ஒருமித்த பதில் கிடைக்காது. பினாங்கில் பிறந்தவர் ஒன்றைச் சொல்வார். கெடாவில் வளர்ந்தவர் வேறொன்றைச் சொல்வார். ஜொகூர், சரவாக் மாநிலத்தவரோ அவ்விரண்டையும் ஏற்காமல் தங்கள் ஊர் லக்சாவே சிறந்தது என்பர். இது விளையாட்டான வாதம்தான். எனினும், இதன் பின்னால் தவறான எண்ணம் ஒன்று மறைந்திருக்கிறது. பாரம்பரிய உணவுக்கு ஒரே ஒரு சரியான வடிவம் உண்டு. மற்றவை யாவும் அதன் நகல்கள் என்பதே அவ்வெண்ணம். உண்மையில், ஊருக்கு ஊர் மாறுபடும் சுவையே பாரம்பரியத்தின் உயிர். அவ்வேறுபாடுகள் அழிந்துவிட்டால், உணவின் பெயர் மட்டுமே எஞ்சும்.

ஓர் ஊரின் உணவு அவ்வூரின் மண்ணையும் நீரையும் சார்ந்தே உருவாகிறது. இதற்குக் கெடா மாநிலத்தின் கோத்தா கோலா மூடா நல்ல சான்று. மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள இந்த மீனவர் ஊரில் ‘பாசார் பீசிக்’ எனும் மீன் சந்தை புகழ்பெற்றது. ‘பீசிக்’ என்றால் காதோடு மெல்லப் பேசுதல் என்பது பொருள். மீனை வாங்க விரும்புவோர் தாம் தரக்கூடிய விலையை விற்பவரின் காதில் மெதுவாகச் சொல்வர். உயர்ந்த விலை சொன்னவருக்கே மீன் உரியதாகும். அன்று கரை சேர்ந்த மீன் அன்றே அடுப்பைச் சேரும் வாய்ப்பு இத்தகைய ஊர்களுக்கு உண்டு.

மறுபுறம், கெடா நாட்டின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுகிறது. 1970-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியத்தின் நீர்ப்பாசனத்தால், இச்சமவெளியில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. கடலில் மீன், வயலில் நெல் என்று இருக்கும்போது, அரிசி மாவு மீயும் மீன் குழம்பும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்ததில் வியப்பில்லை. கெம்போங் மீனை அவித்து, முள் நீக்கி, சதையை அரைத்துக் குழம்பைக் கெட்டியாக்குவர். காய்ந்த மிளகாய், வெங்காயம், பெலாச்சான் ஆகியவற்றோடு ‘அசாம் கெப்பிங்’ எனும் உலர்ந்த புளிப்புத் துண்டும் சேரும். கோலா கெடாவுக்கு அருகிலுள்ள தெலோக் கெச்சாயில் இதனுடன் தேங்காய்ச் சம்பலையும் சேர்த்து உண்பர்.

மூடா ஆற்றைக் கடந்தால் பினாங்கு மாநிலம் தொடங்கிவிடுகிறது. அங்கும் மீன், புளிப்பு, அரிசி மீ ஆகியவையே அடிப்படை. ஆனால், கிண்ணத்தின் மேல் அன்னாசி, புதினா, இஞ்சிப்பூ மொட்டு ஆகியவை தூவப்படுகின்றன. கறுத்துக் கெட்டியான இறால் விழுது ஒரு கரண்டி சேர்கிறது. துறைமுக நகரில் பல இனத்தவரின் சமையல் கலந்ததன் விளைவு அது. அதே தீவிலுள்ள பாலிக் பூலாவில் புளிப்பு லக்சாவும் தேங்காய்ப்பால் சேர்த்த லக்சாவும் அருகருகே விற்கப்படுகின்றன. பேராக் மாநிலத்தின் கோலா கங்சாரிலோ கோதுமை மாவால் கையால் செய்த மீ பயன்படுகிறது. கிளந்தான், திரங்கானுவில் அரிசி மாவைத் தட்டையாக வேகவைத்துச் சுருட்டி, வெண்ணிறத் தேங்காய்ப்பால் குழம்பில் இட்டு ‘லக்சாம்’ என்கின்றனர். சரவாக்கில் இறாலும் மசாலையும் தேங்காய்ப்பாலும் கலந்த குழம்பில் மீகூனை இடுகின்றனர். ஜொகூரில் இத்தாலியரின் ஸ்பகெட்டியே மீயின் இடத்தைப் பிடித்துள்ளது. இவற்றுள் எதைப் போலி என்று ஒதுக்குவது? ஒவ்வொன்றும் தன் ஊரின் கடலையும் வயலையும் வணிகத்தையும் எடுத்துரைக்கிறதல்லவா?

இவ்வுண்மை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வடக்கு லக்சாவுக்கு மணமூட்டும் கெசும் இலைக்கு ‘வியட்நாம் கொத்தமல்லி’ என்ற பெயரும் உண்டு. அந்த வியட்நாமின் புகழ்பெற்ற உணவான ‘ஃபோ’வும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வடக்கே ஹனோயில் அது தெளிந்த சாறும் அரிசி மீயும் இறைச்சியும் கொண்ட எளிய உணவு. 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, வடக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களோடு ஃபோவும் தெற்கெங்கும் பரவியது. அங்கே அது இனிப்புச் சுவையைப் பெற்றது; முளைவிட்ட பயறும் துளசி வகை இலைகளும் அதனுடன் சேர்ந்தன. நடுப்பகுதியான ஹுவே நகரிலோ எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் மணக்கும் வேறொரு மீ சூப் புகழ்பெற்று விளங்குகிறது. 2024-இல் வியட்நாம் அரசு ஹனோய் ஃபோவையும் நாம் டின் ஃபோவையும் தேசிய மரபுடைமையாக அறிவித்தது. இரண்டையும் ஒன்றாக்காமல் தனித்தனியே ஊர்ப்பெயரோடு பதிவு செய்ததே இங்குக் கவனிக்கத்தக்கது.

மலேசியத் தமிழரும் இந்த நோக்கில் தங்கள் சமையலறையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த இரப்பர் தோட்டங்களுக்குத் தஞ்சாவூர், திருச்சி, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் வெவ்வேறு சமையல் பழக்கங்களையும் கொண்டு வந்தனர். ஒருவர் வீட்டுக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றப்பட்டது. மற்றொருவர் வீட்டில் மிளகு தூக்கலாக இருந்தது. வரிசை வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தபோது அவை ஒன்றோடொன்று கலந்தன. அண்டை மலாய்க்காரர்களிடமிருந்து பெலாச்சான் சம்பல் வந்தது. தோட்டத்து ஓடையோரம் முளைத்த பாக்குக் கீரை பொரியலாயிற்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காதபோது மரவள்ளிக்கிழங்கே பலரது பசியைப் போக்கியது. இப்படிப் பார்த்தால், தோட்டத்துச் சமையல் தமிழகச் சமையலின் நகலன்று. இந்த மண்ணில் தமிழர் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் கூறும் வரலாறு அது.

அவ்வரலாறு இன்று வேகமாக மறைந்து வருகிறது. இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மக்கள் பட்டணங்களுக்குக் குடியேறினர். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் பெற்றோருக்கு அம்மியும் உரலும் ஏற்ற கருவிகளாக இல்லை. கடையில் கிடைக்கும் மசாலைப் பொட்டலம் எல்லா வீட்டுக் குழம்பையும் ஒரே சுவைக்குக் கொண்டுவருகிறது. இதில் எவரையும் குறை கூற இயலாது. ஆனாலும், இழப்பு இழப்பே.

“உணவு காலத்துக்கேற்ப மாறத்தானே செய்யும்? பழையதை ஏன் இறுகப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும்?” என்று சிலர் வினவலாம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாற்றத்தை மறுத்திருந்தால் ஜொகூர் லக்சாவும் பிறந்திராது. தோட்டத்துச் சம்பலும் பிறந்திராது. ஆயினும், மாற்றம் வேறு, மறதி வேறு. ஒரு தாய் புளி கிடைக்காதபோது அசாம் கெப்பிங்கை இட்டது மாற்றம். தன் பாட்டி எதை இட்டார் என்பதே தெரியாமல் பேரப்பிள்ளை பொட்டலத்தைப் பிரிப்பது மறதி. முன்னதில் சமைப்பவரின் அறிவு வளர்கிறது. பின்னதில் அவ்வறிவே அற்றுப்போகிறது.

“சமையல் குறிப்புகள்தாம் இணையத்தில் குவிந்து கிடக்கின்றனவே” என்பது மற்றொரு வாதம். குறிப்புகள் ஏராளம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், குறிப்பிட்ட ஒரு தோட்டத்தில், குறிப்பிட்ட ஒரு வீட்டில் வைக்கப்பட்ட மீன் குழம்பு அங்கே கிடைக்காது. அது மூத்தோரின் நினைவிலும் கைப்பக்குவத்திலும் மட்டுமே உள்ளது. அவர்கள் கிராம், மில்லிலிட்டர் என்று அளந்தவர்கள் அல்லர். எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, பச்சை வாசனை போகும்வரை வதக்கல் என்பவையே அவர்களின் அளவுகள். வதக்குதல், தாளித்தல், கரைத்தல், இறுத்தல் போன்ற சொற்களும் அச்சமையலோடு வாழ்பவை. அடுப்படியில் அவற்றுக்கு வேலை இல்லாமல் போனால், அவை அகராதியில் மட்டுமே இருக்கும். ஆகவே, உணவைக் காப்பது மொழியைக் காப்பதும் ஆகும்.

அரசும் பன்னாட்டு அமைப்புகளும் உணவு மரபுக்கு மதிப்பளித்து வருகின்றன. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவை இடம்பெறும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கீகாரம் பெற்றது ஒரு குறிப்பிட்ட செய்முறையன்று. பல இனத்தவர் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் பழக்கமே. இது மலேசியர் அனைவருக்கும் பெருமை தருவது. ஆனால், எந்தப் பட்டியலும் ஒரு வீட்டுச் சமையலைக் காப்பாற்றிவிடாது. அப்பணி அவ்வீட்டாருடையது.

அதைச் செய்யும் வாய்ப்பு மாணவர்களுக்கே அதிகம் உண்டு. வீட்டிலுள்ள பாட்டி, தாத்தா, அத்தை, பெரியம்மா ஆகியோரிடம் ஓர் உணவின் செய்முறையைக் கேட்டு எழுதலாம். பொருள்களை மட்டும் எழுதினால் போதாது. அவர் எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் அதைக் கற்றார், யாரிடம் கற்றார், எப்பொருள் கிடைக்காதபோது எதைச் சேர்த்தார் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறையேனும் அவர் அருகில் நின்று சமைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி, அத்தகைய குறிப்புகளைத் தொகுத்து நூலகத்தில் வைக்கலாம். ஒரு வகுப்பில் 30 மாணவர்கள் இருந்தால், 30 வீட்டுச் சமையல்கள் ஏட்டில் ஏறும்.

‘எது உண்மையான லக்சா?’ என்ற வினா இனியும் தொடரட்டும், அதில் தவறில்லை. அவ்வாறு வாதிடுவோர் இருக்கும்வரை ஊர்தோறும் அதைச் சமைப்போரும் இருப்பர். ‘எங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்தார்கள்?’ என்ற வினாவுக்குப் பதில் கூற ஆளில்லாத நிலைதான் வரக்கூடாது. பதில் சொல்ல வல்லவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிடுவது அறிவுடைமையாகும்.