உணவளித்தலும் தீங்கே

பெங்களூரையடுத்த பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் விலங்குகளுக்கு உணவளித்தல் குற்றமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38-ஜே பிரிவில் இதனை வெளிப்படையாகவே தடுக்கிறது. நகருக்கு வடக்கேயுள்ள நந்தி மலையில் திரியும் நாட்டுக் குரங்கைப் பற்றியோ அச்சட்டம் இத்துணைத் தெளிவாகப் பேசவில்லை. இரைகாட்டி ஈர்ப்பதை வேட்டை என்னும் வரையறையில் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. புண்ணியம் கருதி வாழைப்பழம் நீட்டுவோர் தம்மை வேட்டையாடுவோராகக் கருதுவரோ?

கனி, தளிர், பூச்சி முதலியவற்றை நாடிக் காட்டில் அலைந்து விதைகளைப் பரப்பும் குரங்கு, மனிதர் கையுணவிற்குப் பழகியபின் சாலையோரத்தில் காத்திருக்கிறது, வண்டிகளில் அடிபடுகிறது, உணவு கிட்டாதபோது கடிக்கவும் செய்கிறது. பழியோ குரங்கின்மீதே விழுகிறது.

ஆகவே, பூங்காவினுள் வழங்கும் தெளிவான விதி வெளியிடங்களுக்கும் வேண்டும். அதுகாறும், காரணத்தை எடுத்துரைக்கும் பொறுப்பு களப்பணியாளரையும் ஆசிரியரையும் சார்ந்ததாகும்.