தியானக் குடிலுக்கு முன்னால் ஜேசிபி வருகிறது!

கட்டடக்கலை மாணவர்களின் டிசைன் ஷீட்டுகளில் அடிக்கடி தட்டுப்படும் படம் ஒன்று உண்டு. மலைச்சரிவு. நான்கைந்து மரங்கள். மரக்கால்கள் மேல் நிற்கும் ஒரு குட்டிக் குடில், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உருவம். வானத்தில் இரண்டு பறவைகள். கீழே தலைப்பு: 'இயற்கையோடு இயைந்த தியானக் குடில்'.

அந்தப் படத்தில் எல்லாம் இருக்கும். சாலை மட்டும் இருக்காது!

அவ்வளவு பெரிய கண்ணாடி மலைமேல் எப்படி ஏறியது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? ராத்திரி யானை வந்தால் என்ன செய்வது? இதற்கெல்லாம் ஷீட்டில் இடமில்லை. மூங்கில், மண்சுவர், சோலார் பேனல் மூன்றும் இருந்தால் போதும், 'பசுமை' என்று முத்திரை குத்திவிடலாம். இதே படத்தைத்தான் மலை விடுதிக்காரர்கள் பிறகு காசாக்குகிறார்கள்.

ஒரு குடிலின் பசுமை அதன் சுவரில் இல்லை. அது வரும்போது எதையெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது, போகும்போது எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறது என்பதில் இருக்கிறது.

சுவர் முக்கியமில்லை என்பதல்ல வாதம். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் 100 சதுர அடி குடிலுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் வேண்டும்? கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக் கொண்டுபோக வெட்டும் சாலைதான் பெரிய சேதம். சரிவின் அடிப்பகுதியை ஜேசிபி கொத்தி எடுக்கும்போது, மேலே உள்ள மண்ணுக்கு இருந்த பிடிமானம் போகிறது. புல்வெளியில் பரவி ஊறிய மழைத்தண்ணீர், சாலையோரமாக ஒரே ஓடையாகத் திரண்டு மண்ணை அரிக்கிறது. சாலையின் இரு பக்கமும் உண்ணிச்செடி முளைக்கிறது. சாலை வந்தபின் இரண்டாவது குடில் வரும், மூன்றாவது வரும். பின்னாலேயே ஆழ்துளைக் கிணறு, மின்கம்பி, வேலி, விளக்கு.

இது கற்பனைப் பூச்சாண்டி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை யானைகளும் கிழக்குத் தொடர்ச்சி மலை யானைகளும் போய்வரும் வழி, நீலகிரியின் சீகூர் பீடபூமி. அங்கே யானைப் பாதையில் விடுதிகள் முளைத்து, வழக்கு நடந்து, 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளை மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம். யானை வழித்தடத்தை உறுதிசெய்து 2020 அக்டோபரில் தீர்ப்பும் சொன்னது. அடுத்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஓர் ஆண் யானை இறந்தது. ஏற்கெனவே முதுகில் காயத்தோடு திரிந்த யானை. ஒரு தங்கும் விடுதியிலிருந்து அதன்மேல் எரியும் டயரை வீசியிருந்தார்கள். அவை எல்லாம் தியானக் குடில்கள் அல்லதான். ஆனால் யானைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? வேலி வேலிதான், விளக்கு விளக்குதான்.

உண்மையாகவே தனிமையைத் தேடிப் போனவர்கள் என்ன செய்தார்கள்?

ரமணர் விரூபாட்ச குகையில் சுமார் 17 ஆண்டுகள் இருந்தார். குகை ஏற்கெனவே அங்கே இருந்தது. ஜப்பானியத் துறவி கமோ நோ சோமேய், 1212ல் தான் எழுதிய நூலில் தன் குடிலை விவரிக்கிறார்: பத்தடிக்குப் பத்தடி, மூட்டுகளில் கொக்கிகள், கழற்றினால் இரண்டு வண்டிகளில் அடங்கிவிடும். அமெரிக்காவில் தோரோ 1845ல் வால்டன் குளக்கரையில் கட்டியது பத்தடிக்குப் பதினைந்தடி. பலகைகள், ஒரு ரயில்வே தொழிலாளியின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்தவை. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். இரண்டு வருடம் கழித்து அவர் கிளம்பிப்போனார், பிற்பாடு குடிலும் பிரிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து, 1945ல், அது நின்ற இடத்தைத் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது!

நல்ல குடிலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

'அப்படியானால் யாருமே மலைக்குப் போகக்கூடாதா? காட்டைப் பார்த்தால்தானே அதன்மேல் பாசம் வரும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போகலாம், உட்காரலாம். அதற்குக் கன்னிச் சரிவு எதற்கு? ஊர் விளிம்பில், ஏற்கெனவே பாதை இருக்கும் இடத்தில், பாழாய்க் கிடக்கும் பழைய வீட்டின் ஒரே ஓர் அறையைச் சரிசெய்தால் போதும். கண்ணை மூடி உட்காரப் போகிறவருக்கு முழுக் கண்ணாடிச் சுவர் எதற்கு என்பதும் யோசிக்க வேண்டியதுதான்!

புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால் சில விதிகள் போதும். ஒருவர் தலையில் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோக முடியாத எதுவும் குடிலில் இருக்கக்கூடாது. இந்த ஒரே விதி கண்ணாடியையும் இரும்பு உத்தரத்தையும் குளியல் தொட்டியையும் தானாகவே விலக்கிவிடும். அஸ்திவாரத்துக்காகச் சரிவைச் சமன் செய்யாமல், ஆங்காங்கே கல் வைத்து அதன்மேல் மரக்கால் நிறுத்தலாம். தட்டிச் சுவருக்கு, காட்டை நெரிக்கும் உண்ணிச்செடிக் குச்சியையே வெட்டி எடுக்கலாம். மேலே மண் பூச்சு, மழை சுவரில் படாதபடி நீட்டிய ஓட்டுக்கூரை.

தண்ணீர்க் கணக்கும் எளிதுதான். 100 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1000 மி.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் விழும். ஒழுகலும் ஆவியாதலும் போக, ஒருவர் நாளொன்றுக்கு 20 லிட்டரில் வாழத் தெரிந்தவரானால் ஆண்டு முழுக்க ஏறக்குறைய தாக்குப்பிடிக்கலாம். அதற்குமேல் வேண்டும் என்பவர் தேடுவது தியானத்தை அல்ல, லாட்ஜை! கழிப்பறைக்கும் தண்ணீர் ஊற்றாத, உரமாக்கும் இரட்டைக் குழி முறை இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறியில் 2000களிலேயே கட்டிப் பயன்படுத்திக் காட்டிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. குடிலைப் பிரித்து எடுத்த பிறகு, இரண்டு மழைக்காலம் கழித்து அங்கே நடந்துபோகிறவருக்கு, அங்கே குடில் இருந்தது தெரியக்கூடாது. இதில் தேறாத குடில், கூரையில் எத்தனை சோலார் பேனல் வைத்தாலும் விடுதிதான்.

அடுத்த முறை அந்தப் படத்தை வரைகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யட்டும். இரண்டு பறவைகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சாலையை வரையட்டும். அதன்பிறகும் அது தியானக் குடிலாகத் தெரிகிறதா, பார்க்கலாம்.